கலிஃபோர்னியாத் தையல்

யூட்சனின் கார் பத்திரிகையில் வரப்போகிற செய்தி ஜெர்மனியின் ஆஹென் நகரில் இருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் யாருக்கும் சொல்லவில்லை. பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று அவனுடைய தாய் பேர்பெச்சுவா சொன்னாள். மகனுக்கு இருபத்தேழு வயது. மெக்கானிக் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். இரவில் பார்சல் பிரிக்கும் வேலை, பகலில் தூக்கம். அவனைப் பற்றி வாசலில் நின்று சொல்ல அதுவரை அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை.

கார் 1938ஆம் ஆண்டு ஃபோர்ட். ஒரு விவசாயியின் கொட்டிலில் கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்த காலத்தில் வெறும் கூடாக வாங்கினான். ஆறு வருடம் அதோடு மல்லுக்கட்டினான். கூரையை அறுத்து நான்கு விரல் தாழ்த்தினான். முன்சக்கரத்து மட்காட்டுகளைக் கழற்றி எறிந்தான். அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினை இறக்கி, அது வெளியே தெரியும்படி மூடியில்லாமல் விட்டான். இப்படிப்பட்ட காருக்கு ஹொட் ரொட் என்று பெயர். பேர்பெச்சுவா அதை "மூடி துலைஞ்ச கார்" என்பாள்.

இருக்கைக்கு உறை தைத்தது அவள்தான். கடையில் கொடுத்துத் தைக்க அவனுக்கு வசதியில்லை. ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைக்கிற மெஷினை இழுத்து வீட்டு ஹோல் நடுவில் போட்டுக்கொண்டு, இரத்தச் சிவப்புத் தோலை மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பஞ்சை அடைத்து, மூன்று கிழமை தைத்தாள். பதினொரு ஊசி முறிந்தது. சேலைச் சட்டைக்கு விடுகிற மாதிரியே ஒவ்வொரு தையலின் உள்பக்கத்திலும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விட்டாள்.

"ஏனம்மா இவ்வளவு தோலை உள்ளுக்க விடுறீங்கள்?"

"உடம்பு வைச்சா பிரிச்சு விடலாமடா."

"சீற்றுக்கு எங்க உடம்பு வைக்கிறது?"

"சீற்றுக்கில்லை. உனக்கு வைக்கும். உன்ர அப்பாவின்ர பரம்பரையைப் பார்."

அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

2006 மே மாதத்தில் பத்திரிகைக்காரர் ஹார்ட்விக் கமெராவோடு வந்தார். அன்று விடிய எழும்பிப் பேர்பெச்சுவா றோல்ஸ் பொரித்தாள், நீலச் சேலை உடுத்தாள்.

"நீங்கள் கீழ கராஜுக்கு வர வேண்டாம் அம்மா," என்றான் யூட்சன்.

"சாப்பாட்டை மட்டும் குடுத்திட்டு வாறன்."

"வேண்டாம். அவை வேலையா வருகினம்."

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு மேலேயே இருந்தாள்.

ஹார்ட்விக் எஞ்சினைப் பார்த்தார், தலையாட்டினார். கூரை வெட்டைப் பார்த்தார், தலையாட்டினார். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார். மடிப்பு மடிப்பாகத் திரண்டு நின்ற சிவப்பு இருக்கையைக் கையால் தடவினார். இவ்வளவு கொழுத்த மடிப்பைத் தான் பார்த்ததில்லை என்றார். இருக்கையைத் தூக்கி அடிப்பக்கத்தையும் படம் எடுத்தார்.

"யார் தைத்தது?"

யூட்சன் அந்தப் பத்திரிகையைப் பதினைந்து வயதிலிருந்து வாசிக்கிறவன். ஒவ்வொரு காருக்கும் கீழே ஒரு பெட்டி இருக்கும். வண்ணம் இன்னார், தோல் வேலை இன்னார். எல்லாம் பட்டறைகளின் பெயர்கள். அந்தப் பெட்டிக்குள் பேர்பெச்சுவா, வரவேற்பறை, ஆஹென் என்று அச்சாகியிருப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். காது சுட்டது.

"கலிஃபோர்னியாவில் ஒரு பட்டறை," என்றான். "தைத்து அனுப்பினார்கள்."

ஓகஸ்ட் இதழில் நான்கு பக்கம் வந்தது. பேர்பெச்சுவா ஆறு பிரதி வாங்கினாள். பெட்டியை விரல் வைத்து வாசித்துவிட்டுக் கேட்டாள்.

"இதில கலிஃபோர்னியா எண்டு கிடக்குது?"

"அவை பிழையா எழுதிப்போட்டினம்."

"சொல்லித் திருத்த ஏலாதோ?"

"அச்சடிச்சாச்சு அம்மா. ஏலாது."

அவள் அதை நம்பினாள். வாசலில் யாரும் கேட்டால், "பேரை மாத்திப் போட்டாங்கள், தைச்சது நான்தான்," என்று சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த இதழை அவளிடம் கொண்டுவந்தது கொறற்றி. சட்டை அளவு கொடுக்க வந்தவள், மேல்மாடிக்காரி, ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அப்போது பகல் பதினொரு மணி. யூட்சன் அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்பதை, அவன் எழும்பியதும் கொறற்றியே படிக்கட்டில் வைத்து அவனுக்குச் சொன்னாள்.

வாசகர் கடிதங்களில் ஒன்று அந்தக் காரைப் பற்றியது. நாற்பது வருடம் தோல் வேலை செய்த ஒருவர் எழுதியிருந்தார். இருக்கையின் அடிப்பக்கப் படத்தைப் பாருங்கள், உள்ளே இரண்டு விரல் தோல் சும்மா மடிந்து கிடக்கிறது, இப்படித் தோலை வீணாக்க எந்தப் பட்டறைக்காரனுக்கும் மனம் வராது, இது உடுப்புத் தைக்கிறவர் கை, கலிஃபோர்னியா என்பது பொய், கார்க்காரர் உங்களை ஏமாற்றியிருக்கிறார்.

"வாசிச்சுக் காட்டாம விட்டிருக்கலாம், அக்கா," என்றான் யூட்சன்.

"நான் பகிடிக்கெண்டு வாசிச்சனான். உன்ர அம்மா சிரிக்கேல்லையடா. 'ஐயோ, என்ர தையலால பிள்ளைக்குப் பொய்யன் எண்டு பேர் வந்திட்டுது' எண்டா. சட்டை அளவும் எடுக்காம கத்தரிக்கோலோட கராஜுக்கு இறங்கிட்டா."

அவன் கராஜுக்கு ஓடினான். வாங்குப் பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு பேர்பெச்சுவா காருக்குப் பக்கத்தில் இருந்தாள். இருக்கை வெளியே கிடந்தது. தோல் துண்டு துண்டாகப் பிரிந்து, பஞ்சு நிலமெல்லாம் பரந்து கிடந்தது. மடியில் சின்னக் கத்தரிக்கோல்.

"நீ எழும்பமுந்தி முடிச்சிடலாம் எண்டு பார்த்தன்," என்றாள். "உள்ளுக்க விட்டதை வெட்டிப்போட்டுத் திருப்பித் தைச்சா, வேற படம் எடுத்து அனுப்பலாம்தானே. சட்டைக்கு விடுற மாதிரி விட்டிட்டன் தம்பி. எனக்குத் தெரியேல்லை."

மன்னிப்புக் கேட்கிற குரல் அது. அவன் பஞ்சுக்கு மேலேயே குந்தினான்.

"அம்மா, அவை பிழையா எழுதேல்லை. நான்தான் கலிஃபோர்னியா எண்டு சொன்னனான்."

கத்தரிக்கோல் நின்றது.

"ஏன்?"

அவன் நிலத்தில் கிடந்த பஞ்சைக் கையால் கூட்டி அள்ளினான்.

"என்ர பேரைச் சொல்ல வெக்கமோ?"

"ஓம்."

வேறு எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது மூன்றாவது பொய்யாக இருந்திருக்கும். பேர்பெச்சுவா கையிலிருந்த தோலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"துணி எண்டா தண்ணி தெளிச்சு அயர்ன் பண்ண ஓட்டை மூடும். இது மூடாது," என்றாள். "காலமை சொல்லியிருந்தா நான் பிரிச்சிருக்க மாட்டன்."

கராஜில் நின்றபடியே ஹார்ட்விக்குக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னான். அவர், படம் எடுத்த அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாவை இருக்கையில் உட்காரவைத்து அட்டைப்படமே எடுத்திருப்பேனே என்றார். இனி இரண்டு வரித் திருத்தம்தான் போடலாம். பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள்.

யூட்சன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். பேர்பெச்சுவா அவன் பக்கம் திரும்பவில்லை. பிரித்த துண்டுகளை அளவு பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலால் கட்டி அவனுடைய கையில் கொடுத்தாள்.

"இனிக் கடையில குடுத்துத் தை," என்று சொல்லிவிட்டு, கொறற்றிக்குச் சட்டை அளவெடுக்க மேலே போனாள்.