இடது காதுக்கு இரண்டு விரல்

வேம்புலி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த கதை அவர்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சின்னக் கதைதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார் தலைமை ஆசிரியர். நாலு வயதுகூட நிரம்பாத பிள்ளை தொட்டுவிட்டது. ஐந்து வயது என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். பிள்ளைக்குக் கை அவ்வளவு நீளம்.

இந்தக் கதையைச் சொல்லி வந்தவள் அவளுடைய அம்மா கெங்கம்மாள். பதினான்கு வருடமாகச் சொன்னதில் அது அவளுக்கே பெரும்பாலும் உண்மையாகிவிட்டிருந்தது.

வேம்புலி ஆறாம் வகுப்புக்குப் போனபோது கெங்கம்மாள் விளையாட்டு டீச்சர் ஜமீலாவிடமும் அதைச் சொன்னாள். டீச்சர் பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்; கேட்டதை வீணாக்காதவர். பிள்ளையின் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வாலிபால் வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்று நின்றவள்தான். பள்ளிக்கூடத்துக்கு ஆடினாள், மாவட்டத்துக்கு ஆடினாள், மாநிலத்துக்கு ஆடினாள். எண்பத்தொன்பதில், எட்டு நாட்டு ஜூனியர் பெண்கள் வாலிபால் போட்டி மெட்ராஸில் நடக்கப்போவதாகவும் இந்திய அணிக்கான முகாமுக்கு அவள் வர வேண்டும் என்றும் திருமுல்லைவாயில் வீட்டுக்குத் தபால் வந்தது. முகாமில் பெண்களைச் சுவரோரம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லி, விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். வேம்புலியின் கோடுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

பிறகு சான்றிதழைக் கேட்டார்கள்.

ஆடுகிறவர்கள் 1971 ஜனவரி ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். வேம்புலி, காகிதத்தின்படி, 1970 ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தாள். அவள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருந்தார்கள். தலைமை ஆசிரியருக்கு அந்தத் தேதி வசதியாக இருந்தது. உண்மையில் அவள் பிறந்தது எழுபத்தொன்றாம் வருடம், ஆடி மாதம், வேம்புலி அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் வேம்புலியம்மாள் என்று பெயர். பிறந்தது வீட்டில். ஆபீசில் போய்ப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மனுக்குத் தெரிந்தது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

அணியின் கேப்டன் பார்வதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு மூன்றாவது வருடமாகப் பதினேழு வயது நடந்துகொண்டிருந்தது. அவளுடைய மகன் பாலர் பள்ளிக்குப் போகிறான் என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் புத்தம் புதியதாக, மடிப்புக்கூட விழாமல் இருந்தது.

வயதைச் சரிபார்க்கும் குழு ஒரு புதன்கிழமை கூடியது. கெங்கம்மாள் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு மகளுடனும் டீச்சருடனும் போனாள். பாடியில் லாரிக்கு லோடு ஏற்றும் அவள் புருஷன் வீராசாமி, எதையும் டீச்சர் பேசிக்கொள்வார், நீ வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் செயலாளர் சண்முகசுந்தரம், ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர். அவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சண்முகசுந்தரம் கெட்டவராகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார். இந்த வாரத்தில் நீங்கள் பன்னிரண்டாவது அம்மா என்றார். மற்ற பதினொரு பேரும் இதையேதான் சொன்னார்களாம்: பள்ளிக்கூடத்தில் வயதைக் கூட்டி எழுதிவிட்டார்கள் என்று.

டீச்சர் பேசினார். ஆடி மாதத்தைச் சொன்னார். எழுபத்தொன்று மார்ச்சில் நடந்த தேர்தலில் இந்த அம்மா வயிற்றுப்பிள்ளையோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதைச் சொன்னார். கடைசியில், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல், காதைத் தொட்ட கதையைச் சொன்னார்.

டாக்டர் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது திரும்பினார். எவ்வளவு நீளமான கையாக இருந்தாலும் நாலு வயதுக்குள் எட்டாது என்றார். அந்த வயதில் தலை பெரியது, கை சின்னது. எட்டியிருந்தால் பிள்ளைக்கு ஐந்து வயது நிச்சயம் ஆகியிருக்கும்.

"அப்போ ஹெட்மாஸ்டர் எழுதினது சரிதானே?" என்றார் சண்முகசுந்தரம்.

வேம்புலி தன் கையைப் பார்த்தாள்.

கெங்கம்மாளுக்கு அந்த அறை ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. டீ டம்ளரில் ஒட்டியிருந்த ஏடு தெரிந்தது. கை எட்டியது என்றால் மகளுக்கு வயது அதிகம். எட்டவில்லை என்றால் ஆடலாம். ஆனால் எட்டவில்லை என்று சொன்னால் பிறகு எப்படிச் சேர்ந்தாள் என்று கேட்பார்கள். அதையும் சொல்ல வேண்டும். மகள் ஒரு அடி தள்ளி இருக்க, அவள் காதுபடச் சொல்ல வேண்டும். அந்தக் கதையின் சௌகரியமே, அதில் யாரும் எதுவும் செய்யவில்லை என்பதுதான். கை தானாகப் போய்த் தொட்டது. பதினான்கு வருடமாக அவள் கதைக்குள் எங்கேயும் இல்லாமல் சௌக்கியமாக இருந்தாள்.

"எட்டல சார்," என்றாள். "நான்தான் தல வார்ற மாதிரி பின்னால நின்னுகினு தலைய சோத்தாங்கைப் பக்கம் சாச்சேன். காது கைக்கு வந்துச்சி."

டீ குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படி என்னம்மா அவசரம்? ஒரு வருஷம் பொறுத்துச் சேர்த்திருக்கலாமே?" என்றார் சண்முகசுந்தரம்.

"அம்பத்தூர் எஸ்டேட்டுல போல்ட்டு பேக்கிங்ல அப்பதான் வேல கெடச்சிது சார். ஏழரைக்கு உள்ள போவணும். ஊட்டுல பாத்துக்க ஆளு இல்ல. ரெண்டு மாசம் கட்டில் கால்ல கட்டிப்போட்டுட்டுப் போனேன். தட்டுல பொரி வெச்சிட்டு."

எதைக் கொண்டு கட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீலப் புடவைக் கிழிசல் என்று சொல்லியிருப்பாள். மத்தியானம் ஓடிவந்து பார்க்கும்போது பிள்ளை முடிச்சை வாயில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருக்கும். அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும் அவளுக்கு.

சண்முகசுந்தரம் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். பன்னிரண்டு அம்மாக்களில் இவர் சொல்வதைத்தான் நம்பத் தோன்றுகிறது என்றார். ஆனால் நம்புவதற்கு ஒரு காகிதம் வேண்டும். இருக்கும் ஒரே காகிதம் பள்ளிக்கூடத்தினுடையது. அதுவோ இந்த அம்மாவே பொய் சொல்லி வாங்கியது. அன்றைக்கு ஹெட்மாஸ்டரிடம் பொய் சொன்னவர் இன்றைக்குக் குழுவிடம் உண்மை சொல்கிறார் என்று அவர் எப்படி எழுதுவது? ஆகவே அந்தக் காகிதத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் இதையெல்லாம் வருத்தத்தோடுதான் சொன்னார். வரிசையில் அடுத்து நின்ற பார்வதத்தின் சான்றிதழைப் பார்த்து, தெளிவாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் திரும்பினார்கள். டீச்சர் பூந்தமல்லி பஸ்ஸுக்குப் போய்விட்டார். வேம்புலிக்கு உட்கார இடம் இருந்தும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டில் காலைப் பற்றி மகள் கேட்பாள் என்று வில்லிவாக்கத்திலிருந்தே கெங்கம்மாள் காத்திருந்தாள். சொல்ல வேண்டியதைக் கொரட்டூருக்குள் கோத்தும் வைத்துவிட்டாள். பட்டரவாக்கத்தில் வண்டி நின்றபோது வேம்புலி குனிந்தாள்.

"எவ்ளோ கம்மி?"

"இன்னாது?"

"காதுக்கு. எவ்ளோ கம்மியா இருந்துச்சி?"

கெங்கம்மாள் இரண்டு விரலைக் காட்டினாள். வேம்புலி அந்த விரல்களைச் சற்று நேரம் பார்த்தாள்.

"அப்போ என் கை சாதாரண கைதான்."

"அன்னிக்கு."

"நீ சொன்னன்னுதான டீச்சரு என்ன நெட்டுக்கிட்ட நிக்க வெச்சாங்க. மூள பெருசுன்னு சொல்லியிருந்தின்னா இந்நேரம் டாக்டருக்குப் படிச்சிகினு இருப்பேன்."

"அதயும்தான் சொன்னேன்," என்றாள் கெங்கம்மாள். "யாரும் நம்பல."

வேம்புலி சிரித்தாளா என்று தெரியவில்லை. வளையத்தைப் பிடித்திருந்த கை முகத்தை மறைத்தது. அம்பத்தூர் தாண்டியதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிலைப் பற்றிக் கேட்கவே இல்லை. கோத்து வைத்திருந்ததைக் கெங்கம்மாள் கோத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் நாள், வயது மீறியதால் பெயர் நீக்கப்பட்டது என்று தபால் வந்தது. கூடவே இன்னொரு தாளும் இருந்தது. தொடக்க விழாவில் ஒவ்வொரு நாட்டு அணிக்கும் முன்னால் பெயர்ப் பலகை பிடித்துப்போக உயரமான பெண்கள் தேவை. விருப்பம் இருந்தால் வரலாம். இதைவிடக் கேவலம் வேறு இல்லை, போகாதே என்றார் ஜமீலா டீச்சர். வேம்புலி தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, வீட்டு ஆட்களுக்கு பாஸ் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டாள். ஒன்று கொடுத்தார்கள்.

அதில்தான் கெங்கம்மாள் போனாள். காலரியில் மேல் வரிசையில் இடம் கிடைத்தது. கீழே பாண்டு வாத்தியம், எட்டு நாட்டுப் பெண்கள், எட்டுப் பலகை. வேம்புலிக்கு வந்தது பல்கேரியா. அந்த நாட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியும் கதவு உயரம். அவர்களுக்கு முன்னால், வெள்ளைப் பாவாடை சட்டையில், திருமுல்லைவாயில் பிள்ளை பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றாள். இந்தியாவின் வரிசைக்கு முன்னால் நின்ற பார்வதம் காலரியைப் பார்த்து யாருக்கோ கையசைத்தாள். "அம்மா" என்று ஒரு சின்னக் குரல் பதில் கொடுத்தது. அதைச் சுற்றியிருந்தவர்கள் அவசரமாக அடக்கினார்கள்.

சண்முகசுந்தரம் மைக்கோடு வரிசையைச் சரிசெய்துகொண்டே வந்தார். ஏழு பலகை ஒரே மட்டத்தில் இருந்தது.

"பல்கேரியா, கைய கொஞ்சம் எறக்கிப் பிடிம்மா. மத்தவங்களுக்குச் சமமா."

வேம்புலி இறக்கினாள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பலகை மெல்ல மேலே ஏறியது. அவர் திரும்பி வந்து மறுபடி சொன்னார். மறுபடி இறக்கினாள். பாண்டு ஆரம்பித்து எல்லோரும் நடக்கத் தொடங்கியபோது, பலகை பழைய இடத்துக்கே போயிருந்தது. முழங்கை காதைத் தாண்டி நேராக நின்றது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி கெங்கம்மாளிடம், கழுத்துப் பிடித்துக்கொண்டதா என்று விசாரித்தாள். அப்போதுதான் கெங்கம்மாளுக்குத் தெரிந்தது, தன் தலை வெகுநேரமாக வலது தோள் பக்கம் சாய்ந்திருப்பது. அவள் அதை நிமிர்த்தினாள்.