இடப்பக்கத்துத் திரை

மெதெர் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பான் என்று சினாரா கனவிலும் நினைக்கவில்லை. வந்தான். நகரத்துச் சப்பாத்தில் கோச்கோர் கிராமத்துச் சேறு அப்பியிருந்தது. தோளில் தோல்பை.

"என்ன சினாரா, ஆள் அடையாளம் தெரியலையா?"

"தெரியாம என்ன? கண்காட்சி போஸ்டர்ல பாத்துக்கிட்டேதானே இருக்கேன். போஸ்டர்ல உனக்கு இன்னும் கொஞ்சம் முடி இருந்துச்சு."

அவன் சிரித்தான். அதே சிரிப்பு.

முன்பு தலைநகர் பிஷ்கெக்கில் ஒரே ஸ்டுடியோவில் இருவரும் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைத்தார்கள். படம் கழுவும் இருட்டறை பொது. அவள் தன் சொந்தப் படங்களை அங்கேதான் கழுவினாள். "கேலரியில எனக்குத் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க இருக்காங்க, குடு, காட்டிட்டு வர்றேன்" என்று மெதெர் ஆறு படங்களை வாங்கிப் போனான். கண்காட்சி அன்று அவள் நல்ல உடை உடுத்திக்கொண்டு போனாள். சுவரில் ஆறும் தொங்கின. ஆறின் கீழும் மெதெர் பெயர். அவள் கத்தியபோது அவன் எல்லோர் முன்னாலும் சிரித்தான். "பாவம், ரெண்டு பேரும் ஒரே தொட்டியில கழுவினோம். எது யாரோடதுன்னு குழம்பிட்டா." கூட்டமும் சிரித்தது. நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது என்றாள். பத்திரமாக வைக்கச் சொல்லி நான்தான் கொடுத்தேன் என்றான். கேலரிக்கார லிதியா அம்மா அவளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்து, உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொள்ளச் சொன்னாள். அந்தத் தண்ணீர் இன்னும் அவள் தொண்டையிலேயே நின்றது.

ஊர் திரும்பி, வீட்டுக்குப் பின்னால் இடிந்துகிடந்த வெந்நீர்க் குளியலறையை இருட்டறை ஆக்கிக்கொண்டாள். கல்யாண வீடுகளில் படம் எடுத்தாள். பொறுத்திருந்தாள்.

"உள்ள வரச் சொல்ல மாட்டியா?"

"வா. தலை இடிக்கும், குனிஞ்சு வா. குனியத்தான் உனக்குப் பழக்கம் இல்ல."

தேநீர்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே அவன் பையைத் திறந்தான். சாத்திபால்தி கொடுத்த வேலை என்றான். அவரை அவளுக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர், ஏரிக்கரையில் ஓட்டல்கள் வைத்திருப்பவர். அவருடைய அப்பா போன இலையுதிர்காலத்தில் இறந்தபோது நகரத்திலிருந்து புகழ்பெற்ற கலைஞனைக் கூட்டிவந்து படம் எடுக்கவைத்தார். இப்போது அவருடைய வருஷ நினைவு விருந்து வருகிறது. அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு, 'உன் பாணியில்' வேண்டுமென்று கேட்டிருக்கிறார்.

மெதெர் அச்சுப் பிரதியை நீட்டினான். துக்க வீட்டுக் கம்பளிக் கூடாரம், வாசலிலிருந்து எடுத்தது. இடப்பக்கம் திரை தொங்கியது. அதற்குப் பின்னால்தான் பெரியவரைக் கிடத்தியிருந்தார்கள். திரை ஓரத்தில் அவருடைய சேணமும் சவுக்கும். வலப்பக்கம் பானைகள்.

"ஒளி சரியா இருக்கு, கூர்மை சரியா இருக்கு. ஆனா பொணம் மாதிரி இருக்கு" என்றான்.

"பொணம் இருக்குற வீடுதானே."

"கிண்டல் பண்ணாதே. உன் படத்துல ஏதோ ஒண்ணு இருந்துச்சு. பாக்கறவனுக்குத் தலை லேசா சுத்தும். எந்த லென்ஸ்? எந்தக் காகிதம்?"

சினாரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அது லென்ஸும் இல்லை, காகிதமும் இல்லை. சிறுவயதில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய சோவியத் பெட்டிக் கேமரா. மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதன் கண்ணாடியில் உலகம் இடம் வலமாக மாறித் தெரியும். முதல்முறை கோடை மேய்ச்சல் நிலத்தில் கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தபோது, வலப்பக்கத்தில் பானைகளோடு கிடந்த அம்மா இடப்பக்கத்தில், அப்பாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பானையும் கரண்டியுமாக மகாராணி போல. அப்பாவின் சேணம் அடுப்பங்கரை ஓரத்துக்குப் போயிருந்தது. சினாராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கே முடிவு செய்தாள், தான் பார்த்ததைத்தான் அச்சிட வேண்டும் என்று. எல்லோரும் நெகட்டிவ்வின் மங்கலான பக்கத்தைக் கீழே வைத்து அச்சிடுவார்கள். அவள் அதைத் திருப்பிப் போடுவாள், படமும் இடம் வலமாக மாறி விழும். பார்ப்பவருக்கு ஏன் தலை சுற்றுகிறது என்று கூடாரத்தில் வளர்ந்தவருக்கு அடிவயிற்றில் தெரியும்.

அவள் கையருகே நின்று அத்தனை காலம் படம் கழுவியவன் ஒருநாளும் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

அவள் மீண்டும் பிரதியைப் பார்த்தாள். ஆண் செத்தால் இடப்பக்கம், பெண் செத்தால் வலப்பக்கம். கோச்கோரில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். பிஷ்கெக்கில் ஐந்தாம் மாடியில் வளர்ந்த மெதெர் கூடாரத்தை ஓட்டல் வாசலில்தான் பார்த்திருக்கிறான்.

அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

"நெகட்டிவ் கொண்டுவந்தியா?"

இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டாள். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரைக் காட்டினாள். "திருப்பிப் போடு. மங்கல் பக்கம் மேல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நீயே போடு. கை உன்னோடதா இருக்கட்டும்."

தொட்டியில் சிறிய மாதிரிப் பிரதி மெல்லத் தெளிந்தது. திரை வலப்பக்கம் போயிருந்தது. மெதெர் மூச்சை இழுத்துக்கொண்டான். "அட! உசிரு வந்துருச்சு! ஏன் சினாரா இதை எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே."

ஏன் திருப்புகிறாய் என்று இப்போது கேட்பானா என்று அவள் காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"லிதியா அம்மாவையும் விருந்துக்குக் கூட்டிட்டு வா. உன் பெருமையை அவங்களும் பாக்கட்டும்" என்றாள் சினாரா.

"உனக்கு எம்மேல கோவமே இல்லையா?"

"இருந்தா டீ குடுப்பேனா?"

விருந்தன்று ஊரே திரண்டது. குதிரை இறைச்சி கொப்பரைகளில் கொதித்தது. பிரார்த்தனை ஓதி முடிந்து எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டதும், பெரிய கூடாரத்தின் முன் நிறுத்தியிருந்த படத்தின் வெள்ளைத் துணியை மெதெர் இழுத்தான். சினாரா பெண்களோடு பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் 'ஆகா' என்றார்கள். பிறகு முன்வரிசை அமைதியானது. பிறகு பின்வரிசை. குதிரைகள் தலையை உதறும் ஓசை மட்டும் கேட்டது.

சாத்திபால்தி படத்தின் முன்னால் போய் நின்று, இடம் வலம் சரிபார்ப்பவர்போல ஒரு கையைத் தூக்கினார். பிறகு மறு கையை.

"என் அப்பன் எந்தப் பக்கம் கெடந்தாரு?"

"இந்த... பைகே, அண்ணே, நெசத்துல இடப்பக்கம். படத்துல..."

"படத்துல முக்காடு போட்டு அடுப்படியில கெடத்திட்டே! எழுபது வருஷம் குதிரை மேல இருந்த மனுஷனைப் பொம்பளைப் பொணமா ஆக்கி ஊரைக் கூட்டிக் காட்டுறியா?"

"பைகே, இது கலை... என் பாணி..."

"உன் பாணியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவருடைய தம்பிகள் சவுக்கோடு கிட்டே வந்தார்கள். மெதெரின் கண் கூட்டத்தில் அலைந்து சினாராவிடம் வந்து முட்டியது.

"என் பாணி இல்ல! அவளோடது! அவதான் திருப்பிப் போடச் சொன்னா!"

லிதியா அம்மா முன்னால் வந்தாள். "அப்ப என் கேலரியில உன் பேருல தொங்குறது?"

"அதுவும் அவளோடதுதான்! ஆறும் அவளோடது! என்னை விடுங்க!"

சினாரா தட்டைக் கீழே வைத்தாள். தொண்டையில் நின்ற தண்ணீர் இறங்கிற்று. லிதியா அம்மா அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சாத்திபால்தி திரும்பினார். "உன்னோடதா?"

"அந்த ஆறும் என்னோடது பைகே. உயிரோட இருக்குற பொம்பளைங்களை நான் ஆம்பளை எடத்துல உக்கார வெச்சேன். இந்தப் படம் என்னோடது இல்ல. இதை நான் திருப்பியிருக்க மாட்டேன்."

"ஆனா இவன் திருப்புவான்னு தெரியும்."

பொய் சொல்லலாம். கூட்டம் அவள் பக்கம்தான் இருந்தது.

"தெரியும்."

"உன் சண்டைக்கு என் அப்பன்தான் கெடைச்சாரா?"

அவளைப் போகச் சொல்லி அவர் கையால் சாலையைக் காட்டினார். கறி பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்கு ஒரு துண்டு எலும்பும் யாரும் நீட்டவில்லை. ஊரில் இனிக் கல்யாணப் படம் எடுக்க யாரும் கூப்பிடப்போவதில்லை என்று நடக்கும்போதே தெரிந்தது. வருத்தம் இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

சாலையில் மெதெர் அந்த ஆள் உயரப் படத்தைக் காரில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தான். எந்தக் கதவு வழியாகவும் நுழையவில்லை. ஒருவரும் உதவவில்லை. சினாரா தோளில் தொங்கிய பழைய பெட்டிக் கேமராவைத் திறந்து குனிந்து பார்த்தாள். கண்ணாடியில் அவன் காரோடு பக்கம் மாறி நின்றான். நிதானமாகக் கூர்மையைச் சரிசெய்து அழுத்தினாள்.

இந்த ஒன்றை மட்டும் திருப்பாமல் அச்சிட வேண்டும். இது எப்படி நடந்ததோ அப்படியே இருக்கட்டும்.