அமலராணி எழுந்திருக்காத கதை

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. திண்டுக்கல்லில் என் நண்பர் மிக்கேல்ராஜ் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். அவர் மனைவி அமலராணி மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னது இது. எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கண்ணே. ஆனா என்னைய அழ வைக்கக் கூடாது. பெரிய மேதாவியாவும் ஆக்கக் கூடாது."

அழுகையும் இல்லாமல் மேதைமையும் இல்லாமல் ஒரு நாயகி! சரி, பார்ப்போம்.

முதல் தொடக்கம்: 'வெயில் கொளுத்திய ஒரு மதியம், அந்தப் பொறியியல் கல்லூரியின்…'

(நிறுத்திவிட்டேன். கணினி ஆய்வகத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மனிதர்களுக்காக இல்லை, இயந்திரங்களுக்காக. அமலராணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.)

இரண்டாவது: '2005இல் திண்டுக்கல்லை ஒட்டிய கல்லூரி ஒன்றில் அமலராணி ஆய்வக உதவியாளர்.' சப்பென்று இருக்கிறது. இருந்தாலும் உண்மை. போகட்டும்.

2

ஒரு பேராசிரியர் ஓர் அறையில் பாடம் நடத்துவார். மூன்று அரங்குகளில் மாணவர்கள் அதே நேரத்தில் திரையில் பார்க்க வேண்டும். கல்லூரிக்கு அப்படியொரு ஆசை. அதற்காக மதுரையிலிருந்து கிதர் முகம்மது என்ற பயிற்சியாளரை வரவழைத்தார்கள். அவர் முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"நிலக்கோட்டையில பூ ஏத்துறோம்னு வைங்க. கடைக்கு ஒரு வேன்னு அனுப்புனா கட்டுபடியாகுமா? எல்லா வீட்டு வாசல்லயும் கொட்டுனா அதுவும் வீண். ஒரே வேன் போகும். ரோடு பிரியுற இடத்துல, யாரு பூ கேட்டாங்களோ அந்தப் பக்கம் மட்டும் பிரிச்சு விடணும். அதான் மல்டிகாஸ்ட். பிரிச்சு விடுறது ரூட்டரு. அதுக்குச் சொல்லிக் குடுக்கறது நம்ம வேலை."

(இந்த இடத்தில் நான் எழுதியிருந்த வாக்கியம்: 'கேட்டவருக்குத்தான் கிடைக்கும் என்பதை அந்த இயந்திரம் அமலராணிக்குக் கற்றுக்கொடுத்தது.' படித்துவிட்டு அவர் சிரித்தார். "நான் கேட்டுக்கிட்டேதாண்ணே இருந்தேன். எங்க கெடச்சுச்சு?" அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இரண்டு பேருக்கு ஒரு கணினி. அமலராணிக்கு ஜோடி ஸ்டீபன்ராஜ், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன். முதல் வரைவில் அவனை வில்லனாக்கியிருந்தேன். ஆனால் அவனோ தேநீர் வந்தால் முதல் டம்ளரை அமலராணிக்கு நீட்டுகிறவன். "அக்கா, உங்களுக்கு ஏன் சிரமம்? நீங்க எழுதிக்கங்க, நான் அடிக்கிறேன்" என்பான். மனசார உதவுவதாகத்தான் நினைத்தான். வில்லனாக இருந்தால் திட்டிவிட்டுக் கீபோர்டைப் பிடுங்கலாம். நல்ல பையனிடம் என்ன செய்வது? பயிற்சி முடியும் நாள்வரை அமலராணியின் விரல் ஒரு விசையைக்கூடத் தொடவில்லை.

அந்தக் கடைசி நாள் மதியம் துறைத் தலைவர் பெருமாள்சாமி வந்து எல்லோர் முன்னாலும் அறிவித்தார். ஒளிபரப்புக்கு இனி ஸ்டீபன்ராஜ் பொறுப்பு. அரங்குகளில் மைக், நாற்காலி, மின்விசிறி ஆகியவற்றை அமலராணி பார்த்துக்கொள்வார்.

3

தேநீர் இடைவேளையில் எல்லோரும் எழுந்தார்கள். அமலராணி போய்க் கணினி முன்னால் ஸ்டீபன்ராஜின் நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பி வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னம்மா?" என்றார் கிதர் முகம்மது.

"நான் இன்னும் கையால பண்ணல சார்."

"எல்லாம் முடிஞ்சிருச்சேம்மா. நேரமும் இல்ல."

"செய்முறையில கத்துக்கிட்டேன்னு எனக்கும் சர்டிபிகேட் எழுதியிருக்கீங்கள்ல? நான் எதையும் தொடல. பண்ணாம எந்திரிக்க மாட்டேன்."

கிதர் முகம்மதின் முகம் சுண்டிப்போனது. பிறகு ரூட்டரிலும் படம் அனுப்பும் கணினியிலும் இருந்த அமைப்பு முழுவதையும் அழித்தார். "முதல்ல இருந்து பண்ணுங்க. இந்த ரூம்ல ஓடுற படம் பக்கத்து ரூம்ல தெரியணும்."

(இங்கே அமலராணி மளமளவென்று தட்டிச் சபையை வாயடைக்க வைத்தார் என்று எழுத எனக்குக் கை அரித்தது. வாக்கு கொடுத்துவிட்டேன்.)

அமலராணி தடுமாறினார். ஒரு கட்டளையைத் தப்பாக அடித்தார். திருத்தி முடித்து, சேமிக்காமலே ரூட்டரை மறுபடி இயக்கினார். செய்ததெல்லாம் போயிற்று. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். "ஐயோ அக்கா" என்று ஸ்டீபன்ராஜ் கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினான்.

"கைய எடுங்க தம்பி. தப்பாப் போனாலும் என் கையாலேயே போகட்டும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

மறுபடியும் முதலிலிருந்து. ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பக்கத்து அறையில் படம் வரவில்லை. ரூட்டரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மல்டிகாஸ்டைத் திறந்துவிட்டு மறுபக்கத்தை மறந்திருந்தார். அதை அவரே கண்டுபிடித்துச் சரிசெய்தார். அப்போதும் வரவில்லை.

"இப்ப ரூட்டர்ல தப்பில்லம்மா. அனுப்புற கம்ப்யூட்டரப் பாருங்க" என்றார் கிதர் முகம்மது.

பார்த்தார். படம் எத்தனை தாண்டல்வரை உயிரோடு இருக்கலாம் என்பதற்கு அங்கே ஓர் எண் உண்டு; அது ஒன்று என்றே இருந்தது. ரூட்டரைத் தொட்டதுமே செத்துவிடுகிறது. எண்ணைக் கூட்டினார்.

பக்கத்து அறையிலிருந்து ஸ்டீபன்ராஜ் கத்தினான். "அக்கா, வருது! ஓடுதுக்கா!"

4

இங்கேயே முடித்துவிடலாம். முடிவு ஒன்று: அறையே கைதட்டுகிறது. ("யாரு தட்டுனா? மூணு பேருதான இருந்தோம்.") முடிவு இரண்டு: பெருமாள்சாமி மனம் மாறி உத்தரவைத் திருத்துகிறார். ("அவரா? காதுலயே போட்டுக்கல.")

நடந்தது இதுதான். முதல் நேரடிப் பாடத்தன்று காலை, மூன்று அரங்குகளும் நிரம்பிக்கிடந்தன. அமலராணி ஆய்வகத்தில் ரூட்டர் முன்னால் இருந்தார். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தவன் ஸ்டீபன்ராஜ். பெருமாள்சாமி வாசலில் வந்து நின்றார்.

"நீங்க ஏன் இங்க இருக்கீங்க? ஹாலுக்குப் போய் மைக்கப் பாருங்க."

"போக மாட்டேன் சார்."

பெருமாள்சாமி வாயைத் திறந்தார். அவர்…

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அத எழுதாதீங்கண்ணே. எழுதுனா என் கதை அவரு பேச்சுல போயி முடியும்."

அதனால் அந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. அவருக்குப் பொருத்தமான வசனத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கத்தட்டும், கெஞ்சட்டும், இல்லை திரும்பிப் போகட்டும். எதை வைத்தாலும் அதற்கடுத்து நடந்ததை உங்களால் மாற்ற முடியாது. அமலராணி திரும்பி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். இரண்டு அரங்குகளில் உடனே படம் வந்தது. மூன்றாவதில் தாமதமாகத்தான் வந்தது.

வந்தது.