நான்தான் எடுத்தேன்

கண்ணாடிக்காரன் சிக்னலில் சிவப்பைப் பார்க்காமல் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பாவம் அவசரத்தில் தவறிவிட்டான் என்று நீங்கள் இரக்கப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். பார்த்துவிட்டுத்தான் போனான். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற அதே கண்ணால், மஞ்சள் போய்ச் சிவப்பு விழுந்ததை நன்றாகவே பார்த்தான். குறுக்கே ஆள் நடமாட்டம் இல்லை, கடையில் ஒருவர் காத்திருக்கிறார், போய்விடலாம் என்று மிதித்தான். தலைக்கு மேல் ஏதோ வெள்ளையாகப் பளிச்சென்றது. "போச்சுடா!" என்றான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, ஓட்டிக்கொண்டிருந்தது தன் காரை அல்ல, மாமாவின் காரை என்று.

மாமா என்றால் அக்காவின் கணவர். பத்தொன்பது வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறார். மஞ்சள் விழுந்தாலே நிறுத்திவிடுவார். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். பஸ் பிள்ளைகள் அவருக்கு மஞ்சள் மாமா என்றே பெயர் வைத்திருந்தார்கள். காலை டிரிப்பை முடித்துவிட்டு வந்து, மதியம் ஒரு மணி நேரம் கூடத்தில் படுத்துத் தூங்குவார். அன்று கண்ணாடிக்காரனின் வண்டி மெக்கானிக்கிடம் கிடந்தது. லென்ஸ் தேய்த்துத் தருகிற பட்டறையிலிருந்து அவசரமாக ஒரு ஜோடி வாங்கி வர வேண்டியிருந்தது. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுச் சாவி ஒன்று அவனிடமும் உண்டு. உள்ளே போனான், ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான், நாற்பது நிமிடத்தில் கொண்டுவந்து மாட்டினான். போகும்போது குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமா, வரும்போதும் அதே குறட்டைதான். எழுப்பிச் சொல்லவாவது செய்தானா? இல்லை. தூங்குகிறவரை ஏன் எழுப்ப வேண்டும் என்று தனக்குத்தானே நல்ல பெயர் வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து மாமா ஒரு கவரோடு கடைக்கு வந்தார்.

"மாப்ளே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கானுங்க."

முதல் வரியைப் படித்ததுமே கண்ணாடிக்காரனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சிக்னல் கேமரா நோட்டீஸ். கூடவே ஒரு படம்: காரின் பின்பக்கம், நம்பர், மேலே சிவப்பு விளக்கு, ஓரத்தில் தேதியும் நேரமும். ஓட்டுகிறவன் தலை சீட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் மனு கொடுக்கலாம்.

"வியாழக்கிழமை, மதியம் ஒண்ணு நாப்பத்திரண்டு" என்று படித்தான்.

"மதியமா? அந்த நேரத்துல நான் தூங்கிட்டுல்ல இருப்பேன்! வண்டியைத் தொடவே இல்லையே. எவனோ என் நம்பரை ஒட்டிக்கிட்டுச் சுத்துறான் மாப்ளே!"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரிதானே? மாமா அது நான்தான் என்று சொன்னால், அந்த மனிதர் முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சிரித்திருப்பார். ஆனால் கண்ணாடிக்காரன் வேறு கணக்குப் போட்டான். மாமா வேலை செய்கிற டிப்போவின் டிரைவர்கள் அத்தனை பேரும் வருடத்துக்கு ஒருமுறை இவன் நாற்காலியில் உட்கார்ந்துதான் கண் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். சிவப்பைத் தாண்டினவனா டிரைவர் கண்ணுக்கு சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறான் என்று ஒருத்தர் கேட்டால் போதும், அந்த வேலை போய்விடும். அந்த வேலையை வாங்கிக் கொடுக்க மேனேஜரிடம் நாலு நடை நடந்தவர் யார் தெரியுமா? எதிரே உட்கார்ந்திருந்த மாமாதான்.

"டிப்போவுல தெரிஞ்சா என்னாகும் மாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஸ்கூல் பஸ் ஓட்டுறவன் பேர்ல ஒரு சிவப்பு ஏறினாலும் கீழ இறக்கிடுவாங்க. சட்டம் அப்படி. இருக்க வேண்டிய சட்டம்தான், நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா நான் பண்ணலையே! நீ மனு எழுது. உன் கையெழுத்துதான் அழகா இருக்கும்."

எழுதினான். மேற்கண்ட நேரத்தில் நான் வாகனத்தை ஓட்டவில்லை என்று, ஓட்டினவனே உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதினான். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: வேறொருவர் ஓட்டியிருந்தால் அவருடைய விவரம்.

"அதுல என்ன போடணும்?" என்று மாமா கேட்டார்.

"அதைக் காலியா விட்டுடலாம் மாமா."

படத்தில் முகம் இல்லை, மனுவைப் பார்த்ததும் நோட்டீஸை ரத்து செய்துவிடுவார்கள், மாமாவுக்கும் ஒன்றும் ஆகாது, நமக்கும் ஒன்றும் ஆகாது என்று அவன் மனத்தைத் தேற்றிக்கொண்டான். அப்படித் தேற்றிக்கொண்டும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. இறங்கக்கூடாது, நன்றாக வேண்டும்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "துணைக்கு நீயும் வா மாப்ளே, எனக்கு ஆபீஸ்னாலே உதறும்" என்றார் மாமா. இரண்டாவது மாடியில் சின்ன அறை. ஒரு மேஜை, கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஜலதோஷம் பிடித்த ஒரு அதிகாரியம்மா. காலையிலிருந்து முப்பது பேர் சொன்ன சாக்குகளைக் கேட்ட முகம். மாமா தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அந்தம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டிப் புத்தகத்தைப் புரட்டினார். "வண்டி உங்க பேர்லதான் இருக்கு."

"ஆமாங்கம்மா."

"நீங்கதான் எடுத்தீங்களா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தாம்மா எடுத்தேன்!"

"வேற யாரும் இல்லையே?"

"யாரும் இல்லம்மா. இதோ, என் மச்சினன்கூட நான் பாத்துக்கவான்னு கேட்டான். நான்தான் வேணாம்னு சொல்லிட்டு நானே எடுத்தேன்."

அந்தம்மா முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. "இப்படி நேராச் சொல்றவங்க ரொம்பக் கம்மி" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்ணாடிக்காரனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. துணி எடுக்கிறோம், நகை எடுக்கிறோம், வண்டி எடுக்கிறோம். சாவியைப் போட்டுக் கிளம்பினாலும் வண்டியை எடுக்கிறோம் என்றுதான் சொல்கிறோம். அந்தம்மா கேட்டது ஓட்டினீர்களா என்று. மாமா சொன்னது வாங்கின கதையை. ஆறு வருடம் சேர்த்துவைத்து, யார் கையையும் எதிர்பார்க்காமல், மச்சினன் தருகிறேன் என்ற பணத்தைக்கூட வேண்டாம் என்றுவிட்டு எடுத்த கார் அது. யார் பேச்செடுத்தாலும் மாமா அந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார். கேட்டவர் ஒன்றைக் கேட்க, சொன்னவர் ஒன்றைச் சொல்ல, நடுவில் இருந்த ஒருத்தனுக்குத்தான் இரண்டும் புரிந்தது.

தாள் வெளியே வந்தது. மாமா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நீட்டினார். "கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். படிச்சுப் பாரு மாப்ளே, சரியா இருக்கா?"

சம்பவ நேரத்தில் வாகனத்தை எடுத்தது தாமே என்றும், உடன் வந்தவர் கேட்டும் அவரிடம் கொடுக்கவில்லை என்றும் உரிமையாளர் ஒப்புக்கொண்டார் என்று அதில் இருந்தது.

அம்மா, இவர் வேற சொல்றார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தம்மா பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"சரியா இருக்கு மாமா" என்றான் அந்தப் படுபாவி.

மாமா கையெழுத்துப் போட்டார். படி இறங்கும்போது, "நல்ல அம்மா, என்ன மரியாதையாப் பேசினாங்க பாத்தியா?" என்று அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார். அந்தக் கையின் கனத்தைக் கண்ணாடிக்காரனால் தாங்க முடியவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது, உரிமையாளரே குற்றத்தை ஒப்புக்கொண்டார், நகல் டிப்போவுக்கு அனுப்பப்பட்டது. அடுத்த நாளே மாமாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். கண்ணைச் சோதித்துச் சர்ட்டிஃபிகேட் கொண்டுவந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

மாமா ஆத்திரப்பட்டிருந்தால் கண்ணாடிக்காரனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்துவார், ஆபீசுக்குப் போய்ச் சண்டை போடுவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தான். அவர் கத்தவே இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வருகிறவர்களுக்கு இடது கண்ணின் பவரை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை மாமா வந்தார். கூட அக்கா. இருவரும் நடந்தே வந்திருந்தார்கள். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியேற்றினாள். நன்றாக நடக்கிற மனிதரை ஏன் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று அவனுக்கு முதலில் புரியவில்லை.

"கார் எங்க மாமா?"

"நான் இப்ப ஓட்டுறது இல்ல" என்றார் மாமா. நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல பிள்ளையாக மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

அவன் எழுத்துப் பலகையைக் காட்டினான். கடைசி வரி வரை படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு சின்ன எழுத்தையும் படித்தார். நிறம் பார்க்கிற புள்ளிப் படப் புத்தகத்தைப் பிரித்தான். பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளியால் எழுதின எண்கள். "பன்னெண்டு. எட்டு. இருபத்தொம்போது" என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்கு மாமா."

மாமா முகத்தில் சந்தோஷம் வரவில்லை. இருந்த கொஞ்சமும் வடிந்துவிட்டது. "அப்ப கண்ணு இல்ல" என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? மண்டைதான்."

"என்ன மாமா சொல்றீங்க?"

"ஓட்டினது ஞாபகம் இல்ல மாப்ளே. சரி, போகட்டும். அந்தம்மாகிட்ட ஒத்துக்கிட்டேனாமே, அதுவும் ஞாபகம் இல்ல. கையெழுத்து என்னோடதுதான், நல்லாத் தெரியுது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில எங்கம்மாவையே யாரும்மா நீங்கன்னு கேட்டாரு." சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "திங்கக்கிழமை டிப்போவுல குடுத்துடப் போறேன். இனிமே நான் பஸ்ஸைத் தொடக்கூடாது. நாப்பத்தாறு பிள்ளைங்க மாப்ளே. ஏதாவது ஆயிட்டா?"

மாமாவின் வேலைக்கு உலை வைத்தோம் என்பதுவரைதான் கண்ணாடிக்காரன் யோசித்திருந்தான். நன்றாக இருக்கிற ஒரு மனிதரைத் தன் புத்தி மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டான்.

"மாமா, அன்னைக்கு வண்டியை ஓட்டினது நான்."

மாமா விழித்தார்.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. சாவியை நான்தான் எடுத்துட்டுப் போனேன். சிவப்பைப் பாத்துட்டேதான் போனேன். அந்த ஆபீஸ்ல எடுத்தீங்களான்னு அந்தம்மா கேட்டது, ஓட்டினீங்களான்னு. நீங்க வண்டி வாங்கினதைச் சொன்னீங்க. அவங்க தப்பா எழுதிட்டாங்க. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சரியா இருக்குன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நின்றான். அறை விழவில்லை. மாமா மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்ப... எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல மாமா."

"மறதி இல்ல?"

"இல்லவே இல்ல."

"நெசமா? என் மேல சத்தியமாச் சொல்லு!" என்று அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவன் தலையாட்டியதும் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கேட்டியா? எனக்கு ஒண்ணும் இல்லியாம்! நல்லாத்தான் இருக்கேனாம்! வயித்துல பாலை வார்த்த மாப்ளே. நீ நல்லா இருக்கணும்." அந்தத் தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். நன்றி சொன்னார். அவனுக்கு, அந்த மனிதர், நன்றி சொன்னார்! அதற்குப் பதில் செருப்பைக் கழற்றியிருக்கலாம் என்று கண்ணாடிக்காரன் கூனிக் குறுகிப்போனான்.

அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒன்பது வயது மூத்தவள். அவனை இடுப்பில் சுமந்து, மூக்குத் துடைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, கடை வைத்துக் கொடுத்தவள். பிறந்ததிலிருந்து அவனை டா போடாமல் கூப்பிட்டதே இல்லை. அவன் கல்யாண மேடையில்கூட, "நிமிந்து உக்காருடா" என்று எல்லார் முன்னாலும் அதட்டினாள்.

"தினம் காலையில எந்திரிச்சதும்" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல், "என் பேரு, பொண்ணு பேரு, வீட்டு நம்பரு எல்லாத்தையும் வரிசையாச் சொல்லிப் பாத்துட்டு, சரியா சொல்லிட்டேனான்னு என்னைக் கேப்பாரு. சரிதான்னு சொன்னா அப்புறம்தான் பல்லு தேய்க்கப் போவாரு."

"அக்கா..."

"சர்ட்டிஃபிகேட்டை எழுதிக் குடுங்க."

கடைக்குள் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று அவன் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

"இவரு கண்ணு நல்லா இருக்குன்னு எழுதுங்க. எழுதிட்டு, கடையைச் சாத்திட்டு அந்த ஆபீசுக்கு வாங்க. இன்னைக்கு மதியம் வரைக்கும் இருப்பாங்க. நாங்க முன்னால போறோம்."

"அக்கா, என்னைத் திட்டுக்கா. அடிச்சிடு. இப்படி மட்டும் பேசாத."

அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், கண்ணாடி வாங்க வந்த யாரோ ஒருத்தி மாதிரி. அவன் எழுதினான். இரண்டு இடத்தில் மை இழுபட்டது. முத்திரை குத்திக் கொடுத்தான். அவள் வாங்கி, வரிவரியாகப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மாமா வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எதுக்குத் தனித்தனியா? மாப்ளே, நீயும் எங்ககூடவே வாயேன்!"

அக்கா அவர் முழங்கையைப் பிடிக்காமல் முன்னால் படியிறங்கினாள்.

"அவங்க வருவாங்க" என்றாள். "நீங்க நடங்க."