ஆறு தெரிகிற இடம்

கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று மிருணாளினி கைபேசியில் வந்த செய்தியை இரண்டாம் தரமும் வாசித்தாள். அமெரிக்காவின் மேற்கே, மேட்டுப் பாலைநிலத்தில் ஐந்து நாளாகத் தனியே நடக்கும் அண்ணன் யதுர்ஷன், கைபேசித் தொடர்பு இல்லாத இடத்திலிருந்து செய்மதிக் கருவியால் அனுப்பியிருந்தான்.

"ரெண்டாவது ஊத்தும் வத்திப்போச்சு. போத்தலிலை அரை லீற்றர். ஆறு கீழை தெரியுது. இறங்கப்போறன்."

வரைபடம் அவளுக்கு மனப்பாடம். எரிமலைக் கல் மேட்டை ஆறு முந்நூறு மீற்றர் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போகிறது. இறங்க வழியுள்ள இடம் இன்னும் ஒரு நாள் நடை. அவன் நிற்கும் இடத்தில் வெறும் செங்குத்து.

அப்பா இராஜதுரை பாரிஸின் லாச்சப்பலில் இந்தக் காய்கறிக் கடை வைத்து இருபது வருடம். பிறந்த ஊரில் ஆறு கிடையாது, கிணறுதான். அண்ணன் பெரிய தண்ணீர்ப் பையை மடித்து மூட்டைக்குள் வைத்தபோது, "ஆறு ஓடுற இடத்துக்கு ஆரடா தண்ணி காவுறது, விசரா?" என்று சிரித்தவர் அவர். பை பின்னறையிலேயே கிடக்கிறது.

"அப்பா, அண்ணா ஆத்துக்கு இறங்கப்போறாராம்."

"பக்கத்திலைதானே பிள்ளை. குடிக்கட்டும்."

"பக்கத்திலை இல்லை, கீழை. ஐபிள் கோபுரத்து உச்சியிலை நிண்டுகொண்டு செயின் ஆத்திலை குடிக்கேலுமோ?"

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். "வேறை தண்ணி?"

"பின்னுக்கு நாலு கிலோமீற்றரிலை மாடு தண்ணி குடிக்கிற தொட்டி ஒண்டு இருக்கு. நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி எண்டு சிரிப்பார். நீங்கள் எழுதுங்கோ."

மகனிடம் தான் சொன்னது பிழை என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. சாமான் வாங்க வந்து முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற இம்மாகுலேற் அக்கா, "அண்ணை, கடை திறந்துதான் இருக்கோ?" என்றாள். அவர் நிமிரவில்லை. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

"நான் சொன்னது பிழை. ஆத்தை நம்பாதை. தொட்டிக்குத் திரும்பிப் போ."

பத்து நிமிடத்துக்கொரு தரம் கருவி அண்ணன் இருக்குமிடத்தைப் புள்ளியாகக் காட்டும். முதல் புள்ளி விளிம்பில் விழுந்தது. அடுத்ததும் அதே இடம். அவன் அங்கே நிற்கிறானா, கருவி மட்டும் கிடக்கிறதா என்று புள்ளி சொல்லாது. மூன்றாவது, நேரம் கடந்தும் வரவில்லை. அப்பா அதே முருங்கைக்காயைத் திரும்பத் திரும்ப நிறுத்தார்.

பிறகு வந்தது. திரையில் ஆற்றை விட்டு அரை நகம் தள்ளி, மேட்டுப் பக்கம்.

"போறான்," என்றார் அப்பா. "தொட்டியிலை தண்ணி இருக்குமெல்லோ?"

வரைபடத்தில் அது சின்ன நீலச் சதுரம். எந்த மாதத்தில் பார்த்துக் கீறினார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இது யூலை, ஊற்றுகள் வற்றும் மாதம்.

"ஓம்," என்றாள் மிருணாளினி.