யாருடைய இடுப்புக்கு?

பிரினாவுக்கு முதல் சந்தேகம் வந்தது ஒரு கால்சட்டையின் இடுப்பு வாரைப் பார்த்துத்தான்.

சனிக்கிழமை காலை, மலையடிவார ஊரான ரடேச்சேயில் தங்கள் வீட்டின் பின்கட்டில், அன்றைய மலையேற்றத்துக்கு இருவரின் பைகளையும் அவள்தான் கட்டிக்கொண்டிருந்தாள். கணவன் ஓஷ்பே வெளியே வண்டியின் மேல் விழுந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பஞ்சு வைத்த மேல்கால்சட்டையை மடித்தபோது, இடுப்பு வார் கடைசிவரை இழுத்து இறுக்கியிருப்பது கண்ணில் பட்டது. ஓஷ்பேயின் வயிறு அந்த அளவுக்குள் அடங்கி எத்தனையோ வருடமாயிற்று. கால் நுனிகளும் உட்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தன. அவனைவிடக் குள்ளமான, ஒல்லியான யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள்.

அவள் வாரைத் தொடவில்லை. அப்படியே மடித்துப் பையில் வைத்தாள்.

மலைப்பாதை தொடங்கும் பிளானிட்சாவில் வண்டியை நிறுத்தியபோது, மலை மீட்புக் குழுவில் இருக்கும் சார்யா எதிரே வந்தாள். ஒல்லியானவள், ஓட்டக்காரி. பிரினா அவள் இடுப்பைத்தான் முதலில் பார்த்தாள். சார்யாவோ கள்ளமில்லாமல் ஓஷ்பேயிடம், "புதன்கிழமையும் உங்க வண்டி இங்கதானே நின்னுச்சு? உள்ள ரெண்டு ஜோடி நடைக்குச்சி கிடந்துச்சே. பனி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

புதன்கிழமை மர ஆலையில் ரம்பம் பழுதாகிவிட்டது, இருட்டும்வரை வேலை என்று ஓஷ்பே சொல்லியிருந்தான். இப்போது அவன் குனிந்து காலணிக் கொக்கியை மாட்டியபடி, "பரவால்ல" என்று மட்டும் சொன்னான். அதைப் போட்டது சார்யா இல்லை என்பது தெளிவாயிற்று. அப்படியானால் யார்?

தாமார் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு ஸ்கீக்கு அடியில், வழுக்காமல் ஏற உதவும் பட்டையை ஒட்டி நடந்தார்கள். ஏறும்போது உடம்பு கொதிக்கும். மெல்லிய கால்சட்டையே போதும். பஞ்சுக் கால்சட்டையை ஏறும்போது போட்டால் வேர்வையில் நனைந்து, நின்றதும் உறைந்துவிடும். ஆகவே அது பைக்குள்ளேயே இருந்தது. பிரினா முன்னால் போகும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இந்த மாதம் அவன் இரண்டு முறை போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசியது நினைவுக்கு வந்தது. வழக்கமாகத் தேநீரில் ரம் கலந்து எடுத்து வருபவன் இன்று வெறும் தேநீர் கொண்டுவந்ததுகூட அவளுக்கு ஏதோ சொல்வதுபோல் இருந்தது. தங்கும் விடுதியைத் தாண்டும்போது சமையல்காரர் சன்னல் வழியாக அவனைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். இவருக்கும் தெரியுமா?

ஜலோவெட்ஸ் சிகரத்தின் பனி இடுக்குக்குள் ஸ்கீகளை முதுகில் கட்டி, காலணியில் இரும்பு முள் மாட்டி ஏறினார்கள். மேலே கணவாயில் காற்று அறைந்தது. வேர்வை நின்ற மறுநிமிடமே தொடை சில்லிட்டது. ஓஷ்பே தன் கால்சட்டையை எடுத்தான். முள்ளைக் கழற்றாமலே பக்கவாட்டு ஜிப்பைப் போட்டு, இடுப்பில் கொக்கியை மாட்டப் பார்த்தான். எட்டவில்லை. வாரைத் தளர்த்தினான். அப்போதுதான் அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

"யாரோட இடுப்புக்கு இழுத்து வெச்சிருக்க?" என்றாள்.

அவன் வாரிலிருந்து கையை எடுத்தான்.

"ரம்பம் போட்டுச்சா இதை?"

"முதல்ல உன்னோடதைப் போடு பிரினா. கால் வெறச்சிடும்."

"நீ சொல்லு. அப்புறம் போடறேன்."

கீழே போய்ச் சொல்வதாக அவன் கெஞ்சினான். அவள் அசையவில்லை. காற்று மெல்லிய துணியை ஊடுருவியது. தொடைகள் முதலில் எரிந்தன, பிறகு வலித்தன, பிறகு தன்னுடையவை அல்லாதவை போல் ஆயின. அழுகை வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. கடைசியில் அவனே அவள் பையைத் திறந்து கால்சட்டையை எடுத்து, மண்டியிட்டு, அவள் காலைச் சுற்றி ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னான்.

"உங்கப்பாவோட இடுப்புக்கு. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ண வெச்சுட்டாரு."

அவளுடைய அப்பா லூதோவிக்குக் கோடை முடிவில் இதய வால்வு மாற்றியிருந்தார்கள். பாதியாய் இளைத்துவிட்டார். குளிரில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவோ பள்ளத்தாக்கின் கோடிக்குப் போய் இந்த இடுக்கை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மருமகனை நச்சரித்திருக்கிறார். சமதளம்தான், மெதுவாகத்தான் போனோம் என்றான் ஓஷ்பே. பனியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாராம்.

பிரினாவுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. அடுத்த கணமே, அப்பா அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தால் என்ற நினைப்பு வந்து, இன்னொரு பெண் என்றிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று தோன்றியது. விறைத்த தொடைகளோடு அவளால் ஸ்கீயில் திருப்பங்கள் எடுக்க முடியவில்லை. இடுக்கின் மேல்பாதி முழுக்கப் பக்கவாட்டில் சறுக்கியே இறங்கினாள். ஓஷ்பே கீழ்ப்பக்கமாகவே, அவள் விழுந்தால் தடுக்கும் தூரத்தில் இறங்கினான்.

நேரே அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் டர்னிப் ஊறுகாய் போட்ட சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் கால்சட்டையைப் பற்றிக் கேட்டதும், எந்தக் கால்சட்டை என்று முதலில் முழித்தார். இறுக்கிய வாரைப் பற்றிச் சொன்னதும் கரண்டியை வைத்தார்.

"அந்தத் தடியனுக்கு வாரைத் தளத்தி வெக்கக்கூடத் தெரியலையா?"

"செத்துப்போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஆப்பரேஷன்லேருந்து என் கால் ரெண்டும் ஐஸ்கட்டிடி. அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்தாலும் சூடு ஏறல. அன்னிக்கு அங்க, பனி மேல உக்காந்திருக்கேன், கால் கதகதன்னு இருக்கு. எந்திரிக்கவே மனசு வரல."

அவள் எதிரே உட்கார்ந்தாள். "ஒரு தடவைதானா?" என்று கேட்டாள்.

அவர் சூப்பைக் கிளறினார். வாசலில் நின்ற ஓஷ்பே காலணியில் ஒட்டிய பனியைத் தட்டுவதில் மும்முரமானான்.

திங்கட்கிழமை அவளே டாக்டரிடம் பேசினாள். சமதளத்தில், கடுங்குளிர் இல்லாத நாளில், கூட ஆள் இருந்தால் போகலாம் என்றார் அவர். அதிலிருந்து அப்பா வெளியே கிளம்பும்போதெல்லாம் பிரினாவும் போகிறாள். அப்பாவையும் ஓஷ்பேயையும் முன்னால் நடக்கவிட்டு, அவள் பின்னால் வருகிறாள்.