பூலோகத்தின் கைநாட்டு

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஏழெட்டுப் பேர் முழங்காலில் நின்றார்கள். வியாகப்பன் கடைசி ஆள். அவனுக்குப் பின்னால் யாராவது வந்தால் எழுந்து வழிவிட்டு, மறுபடியும் கடைசிக்குப் போனான்.

அவன் தாராவிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டுபாய். நாலு வருஷம் தினக்கூலியாக இருந்தவன் பெயர் இந்த அறுபத்தெட்டுப் புரட்டாசியில்தான் பெர்மனன்ட் லிஸ்ட்டில் ஏறியது. அதற்கு வழி சொன்னவர் ஆஸ்பத்திரி கிளார்க். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். தினக்கூலிக்காரன் ஒவ்வொருவனும் ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் தானே படுக்க வேண்டும்.

வியாகப்பனுக்கு நாலு பிள்ளைகள். ஆனால் ரோமாபுரியிலிருந்து பாப்பரசர் அனுப்பிய நிருபத்தைப் பற்றிப் பங்குச்சாமி பிரசங்கம் வைத்து, கடவுள் கொடுத்த உடம்பில் கத்தி வைத்துப் பிள்ளை வரத்தை அடைப்பது பாவம் என்று சொல்லியிருந்தார். மனைவி சலேத்தும், "அதைச் செஞ்சிட்டு எந்த மொகத்தோட பூசையில நன்மை வாங்கப் போவீரு?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பூலோகம் வந்தான். தாராவியில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் புரட்டுகிறவன். தொடையிடுக்கெல்லாம் புண். இந்தி ஒரு வார்த்தை வராது.

"அண்ணாச்சி, ஒங்க ஆஸ்பத்திரில இதுக்கு மருந்து கெடைக்குமா?"

"வாலே. சின்ன ஆபரேசன். சரியாயிரும்."

கிளார்க் இந்தியில் கேட்டதற்கெல்லாம் வியாகப்பனே பதில் சொன்னான். காட்டிய இடத்தில் பூலோகம் கைநாட்டு வைத்தான். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தான். புண்ணுக்கும் ஒரு களிம்பு கொடுத்திருந்தார்கள். புண் ஆறிவிட்டது.

போன வாரம் அவன் சிரித்தபடி வியாகப்பன் வீட்டுக்கு வந்தான். அக்கா கடையநல்லூர்ப் பக்கம் பெண் பார்த்திருக்கிறாளாம். தை மாதம் கல்யாணம். "எனக்கு யாரு இருக்கா? நீங்கதான் அண்ணன் ஸ்தானத்துல நிக்கணும், அண்ணாச்சி." சலேத்து அவனுக்குக் காப்பி கொடுத்தாள். வியாகப்பன் குனிந்து, நன்றாக இருந்த செருப்பு வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

வியாகப்பனின் முறை வந்தபோது கோயிலில் வேறு யாரும் இல்லை.

"சாமி, நான் அந்த ஆபரேசன் பண்ணிக்கிடல. வேற ஒருத்தனைக் கொண்டு விட்டேன்." மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியார் காதைச் சாய்த்தார். "அவன் நம்ம வேதக்காரன் இல்ல, சாமி."

"வேதக்காரன் இல்லன்னா? அவன் ஒடம்பை வேற யாரும் படைச்சாங்களா?"

வியாகப்பன் மரச்சட்டத்தில் நெற்றியைச் சாய்த்தான்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது, சாமி. கல்யாணம் ஆகாதவன்."

சாமியார் மூச்சை இழுத்து விட்டது கேட்டது. "ஒன் ஒடம்பைக் காப்பாத்திக்கிட அவன் ஒடம்பைக் குடுத்திருக்க. போய் அவன்கிட்ட சொல்லு. அந்தப் பொண்ணு வாறதுக்கு முன்னால சொல்லு."

ஞாயிறு காலை பூலோகம் குழாயடியில் சட்டை அலசிக்கொண்டிருந்தான். வியாகப்பன் பக்கத்தில் குத்தவைத்து எல்லாவற்றையும் சொன்னான். இனிப் பிள்ளை பிறக்காது என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பூலோகம் சட்டையைப் பிழியவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அது அவன் கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க பெர்மனன்ட் ஆயிட்டீகல்லா?"

"ஆயிட்டேன்."

"அதான பாத்தேன்." அதில் குத்தல் இல்லை. குழாயை மூடிவிட்டு, "திருப்பிச் சரி பண்ண முடியாதா, அண்ணாச்சி?" என்றான்.

அவன் அடித்திருந்தால்கூட வியாகப்பன் வாங்கிக்கொண்டிருப்பான். "கேட்டுப் பாப்பம்" என்று எழுந்தான்.

திங்கட்கிழமை டாக்டர் அவர்களைக் கிளார்க்கிடம் அனுப்பினார். கிளார்க் ரெஜிஸ்டரைப் புரட்டி, ஓர் இடத்தில் விரல் வைத்து, இந்தியில் சொன்னார். பெற்ற பிள்ளைகள் செத்துப்போனவர்களுக்கு மட்டும்தான் திருப்பிச் செய்வார்களாம். இந்த ஆளுக்கு என்ன கேடு?

"என்ன சொல்லுதாரு?" என்றான் பூலோகம்.

வியாகப்பன் ரெஜிஸ்டரைக் காட்டினான். "ஒனக்குக் கல்யாணம் ஆயிட்டுன்னு எழுதியிருக்கு. மூணு புள்ளைன்னு போட்டிருக்கு. நான்தான் சொன்னேன்."

பூலோகம் மேஜைமேல் குனிந்தான். வரிசை வரிசையாக இருந்த கைநாட்டுகளில் தன்னுடையது எது என்று தேடினான். கிளார்க்கின் விரல் இருந்த இடத்தில், சுண்ணாம்பில் வெந்து ரேகை தேய்ந்துபோன பெருவிரலின் வெறும் நீல மை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூணும் ஆம்பளைப் புள்ளையா, பொம்பளைப் புள்ளையா, அண்ணாச்சி?" என்று மெல்லக் கேட்டான்.

அவன் என்ன கேட்கிறான் என்று கிளார்க் இந்தியில் வியாகப்பனை விசாரித்தார்.